ஓய்வு பெற்ற அதிகாரியின் துப்பாக்கி கடல் கடக்குமா?

நாமக்கல் கோட்டையின் நிழல் விழுகிற தெருக்களில், முன்னாளில் காணாத ஒரு பிரயாணம் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. மகன் டல்லாஸில், மகள் நியூஜெர்ஸியில், இளைய மருமகன் சிங்கப்பூரில். பேரன் பிறந்திருக்கிறான் என்று தகவல் வந்ததும் வயதான தம்பதிகள் பெட்டி கட்டுகிறார்கள். பருப்புப் பொடி ஒரு பக்கம், எள்ளுருண்டை ஒரு பக்கம், குழந்தைக்கு வசம்பு ஒரு பக்கம். கோயமுத்தூருக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறினால், ஆறு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள்.

அப்படிப் புறப்படுகிறவர் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் உத்தியோகம் பார்த்தவர். வீரப்பனைத் தேடி மேட்டூர், கொளத்தூர்க் காடுகளில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். ரவுடிகள் பலரைச் சேலம் சிறைக்கு அனுப்பி வைத்தவர். வீட்டுப் பீரோவில் லைசென்ஸ் உள்ள ரிவால்வர் ஒன்று இருக்கிறது. டீக்கடையில் பழைய சிநேகிதர் பேச்சை ஆரம்பிக்கிறார்.

“ஏனுங்க இன்ஸ்பெக்டர் ஐயா, பெட்டியில அதையும் வெச்சுக்கிட்டீங்களா?”

“எதைங்க?”

“உங்க துப்பாக்கியைத்தானுங்க.”

“முப்பது வருஷத்துக்கு மேல இடுப்புல இருந்ததுங்க. விட்டுட்டுப் போறது என்னவோ கையை விட்டுட்டுப் போற மாதிரி இருக்குது.”

இருவரும் சிரிக்கிறார்கள். ஆனால் இது சிரித்து விட்டுவிடும் விஷயம் அல்ல. அந்த மனிதரின் மனத்தில் பயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. அவர் உடுப்பைக் கழற்றிவிட்டார். அவரிடம் அடிபட்டவர்கள் பகையைக் கழற்றிவிடவில்லை. அப்படியிருக்க, போன இடத்தில் தற்காப்புக்கு ஓர் ஆயுதம் வேண்டாமா என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கூடாது என்பதுதான் பதில். ஆயினும் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால், நாட்டுக்காக உழைத்த மனிதருக்குப் பாதிப் பதில் சொன்னதாகத்தான் ஆகும்.

இடுப்பில் இருந்தது யாருடையது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் அதிகாரி ஒருவர் பணிக்காலத்தில் தாங்கும் ஆயுதம் அவருடையதே அல்ல, அது சர்க்காருடையது. ஆயுதப் படையின் கிடங்கில் நம்பர் போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப்படுவது. தோட்டாக்கள்கூட எண்ணித்தான் கொடுக்கப்படும். எண்ணித்தான் திரும்ப வாங்கப்படும். ஒரு தோட்டா குறைந்தாலும் விசாரணை வரும். நம் ஊர்க் கான்ஸ்டபிள்களில் பெரும்பாலோர் தடியோடும் விசிலோடும் காலம் தள்ளுகிறவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சினிமாவில் வருவது போல் எல்லாப் போலீஸ்காரரும் இடுப்பில் ரிவால்வருடன் நடமாடுவதில்லை!

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் 45-வது பிரிவு, பொதுஊழியர் ஒருவர் தம் கடமையின் பொருட்டு ஆயுதம் தாங்குவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கிறது. ‘கடமையின் பொருட்டு’ என்பதுதான் அங்கே முக்கியமான வார்த்தை. ஓய்வு பெறும் நாளன்று மாலை மரியாதை நடக்கிறது. ஜீப்பில் வைத்து வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த மாலையின் பூ வாடுவதற்கு முன்பே விலக்கு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவர் சட்டத்தின் கண்ணில் வெறும் குடிமகன்.

அதன் பிறகு சொந்தமாகத் துப்பாக்கி வேண்டுமானால், தோட்டத்துக்குக் காவல் தேடும் விவசாயி எந்த வரிசையில் நிற்கிறாரோ, ஆலை முதலாளி எந்த வரிசையில் நிற்கிறாரோ, அதே வரிசையில் கலெக்டர் ஆபீஸில் நிற்க வேண்டியதுதான். நாமக்கல் 1997 ஜனவரி 1-ந் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆன நாள் முதல், இந்த மனுக்கள் நாமக்கல் கலெக்டரிடமே போகின்றன. போலீஸ் அறிக்கை வாங்க வேண்டும். அதாவது, நேற்று வரை தமக்குச் சல்யூட் அடித்த ஸ்டேஷனிலிருந்தே தம்மைப் பற்றி அறிக்கை போக வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதற்கான முறைகளை வகுத்திருக்கின்றன. 2019-ல் வந்த திருத்தத்தால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது; லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றவருக்கும் இதே சட்டம், ஹெட்கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவருக்கும் இதே சட்டம். தேர்தல் வந்தால் ஊரார் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்போது இவரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார்.

இந்த லைசென்ஸும் எங்கும் செல்லுபடியாகும் மந்திரச் சீட்டு அல்ல. அதில் எழுதியிருக்கும் எல்லை வரைதான் அதற்கு உயிர். தமிழ்நாடு என்று எழுதியிருந்தால், ஓசூரைத் தாண்டிப் பெங்களூருக்குக் கொண்டுபோவதற்கே வேறு அனுமதி வேண்டும். பெங்களூருக்கே இப்படி என்றால் பாஸ்டனுக்கு எப்படி?

நம் பக்கத்துக் கதவு

இங்கேதான் பலரும் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவை விட்டுத் துப்பாக்கி வெளியே போகவே கூடாது என்று நம் சட்டம் சொல்லவில்லை. ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவு, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் லைசென்ஸ் கேட்கிறது. ஆனால் முறைப்படி ஆயுதம் வைத்திருக்க உரிமை உள்ளவர், தம் சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் அதை வெளியே கொண்டுபோகலாம் என்றும், அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்றும் அதே பிரிவு ஒரு சலுகை கொடுக்கிறது. எது நியாயமான அளவு என்ற சந்தேகம் எழுந்தால், மத்திய சர்க்காரின் உத்தரவு வரும் வரை சுங்க அதிகாரி ஆயுதத்தை நிறுத்தி வைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது உற்சாகமாகப் பெட்டியைத் திறந்தால், அவர் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறார் என்று அர்த்தம். வாசலில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. நம் பக்கத்துக் கதவு சற்றுத் திறந்திருக்கலாம். எதிர்ப் பக்கத்துக் கதவைத் திறக்கவோ மூடவோ உரிமை படைத்தவர் அந்த வீட்டுக்காரர். அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்.

எப்படிப்பட்ட தாழ்ப்பாள்! ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் 1996 மார்ச் 13-ந் தேதி ஒருவன் கைத்துப்பாக்கிகளுடன் புகுந்து 16 பிள்ளைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். மறு ஆண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்டு கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. தன் ஊர்க் கான்ஸ்டபிளையே பெரும்பாலும் துப்பாக்கி இல்லாமல் ரோந்து அனுப்பும் நாடு அது. நாமக்கல்லிலிருந்து வரும் பெரியவரின் ரிவால்வரை வரவேற்குமா? ஜப்பானில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியையும் வாளையும் சேர்த்தே கட்டிப்போட்டிருக்கிறது. சிங்கப்பூரில் இன்னும் கடுமை. அங்கே 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. ஆறு அடிக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ‘துப்பாக்கியோ தோட்டாவோ’ என்பதை வாசகர்கள் மறுபடியும் ஒரு தரம் படித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு வீரர்கள் கொண்டுபோகிறார்களே என்று ஒரு கேள்வி எழலாம். உண்மைதான். 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் அப்போது ராணுவ அதிகாரி. ஆனால் அவர் ஏதென்ஸில் துப்பாக்கி ஏந்தியது ராணுவ அதிகாரி என்ற முறையில் அல்ல. போட்டியாளர் என்ற முறையில். போட்டிக்கு வருகிறவர் யார், எத்தனை நாள், எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் இரு நாட்டுக் காகிதங்களிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். விமானத்திலும் அது பயணியின் மடியில் வராது. தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில், சாமான் அறையில்தான் வரும். தற்காப்பு என்ற காரணத்துக்கு அப்படிப்பட்ட காகிதம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

மகன் வீட்டுத் துப்பாக்கி

அமெரிக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் போவது அங்கேதான். அங்கேதான் வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்ற பேச்சும் இருக்கிறது. கடையில் காய்கறி வாங்குவது போல் துப்பாக்கி வாங்கும் நாட்டில், ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒன்றை வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இப்படி நினைப்பவர் பலர்.

கேட்பார்கள். சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் உள்ளே வந்த அந்நியர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். விலக்குகள் சில உண்டு. அந்நாட்டில் வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர், வேட்டைக்கோ போட்டிக்கோ என்றே அனுமதிக்கப்பட்டு வந்தவர், வெளிநாட்டு அரசாங்கத்தின் பிரதிநிதி ஆகியோர் அதில் சேர்வார்கள். நட்பு நாட்டுப் போலீஸ் அதிகாரிக்கும் விலக்கு இருக்கிறது; ஆனால் அவர் உத்தியோகக் காரியமாக வந்திருக்க வேண்டும். பேரனைத் தாலாட்ட வந்திருப்பது உத்தியோகக் காரியம் ஆகுமா?

இதில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது. விடுமுறை நாளில் மகன் அப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைக்கிறான். “வாங்கப்பா, இங்க குறி பார்த்துச் சுடற இடம் ஒண்ணு இருக்குது. உங்க கை இன்னும் நடுங்காம இருக்குதான்னு பார்ப்போம்” என்று அழைத்துப்போகிறான். அவனுக்கு அந்நாட்டுக் குடியுரிமை வந்துவிட்டது, அவன் சுடலாம். விசாவில் வந்த தகப்பனார் மேலே சொன்ன விலக்குகளில் ஒன்று இல்லாமல் அதைக் கையில் வாங்கினால், அவர்மீது வழக்கு வர இடம் உண்டு. இப்பேர்ப்பட்ட குற்றத்துக்கு 2022-ல் வந்த சட்டத்துக்குப் பின் உச்ச தண்டனை 15 ஆண்டு. முன்பு 10 ஆண்டாக இருந்தது. மகனின் மேஜை டிராயரில் துப்பாக்கி இருந்தால், அதன் சாவி எங்கே இருக்கிறது என்பதைத் தகப்பனார் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் அந்நியருக்கு. தன் சொந்த ஓய்வு பெற்ற போலீஸாரை அமெரிக்கா எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 2004 ஜூலை 22-ந் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, நற்பெயரோடு பணியிலிருந்து விலகிய போலீஸ் அதிகாரி, தம் மாகாணம் மட்டுமல்ல, எந்த மாகாணத்திலும் மறைவாகத் துப்பாக்கி தாங்கலாம். முதலில் 15 ஆண்டு ஊழியம் கேட்டார்கள்; 2010-ல் அதைப் 10 ஆண்டாகக் குறைத்தார்கள். சும்மா கிடைப்பதில்லை. பழைய இலாகாவின் புகைப்பட அடையாளச் சீட்டு வேண்டும். ஆண்டுதோறும் தம் கைச் செலவில் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். குடித்திருக்கக் கூடாது. தனியார் தம் இடத்துக்குள் கூடாது என்றால் கூடாது.

உத்தியோகம் போனாலும் அபாயம் போவதில்லை என்பதை ஒரு நாடு சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் இதற்கு நிகரான சட்டம் கிடையாது. வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று: அத்தனை பெருமையுள்ள அந்தச் சீட்டும் அமெரிக்க எல்லையில் செத்துவிடுகிறது. நியூயார்க்கில் முப்பது ஆண்டு ஊழியம் செய்தவர் அடுத்த வீடான கனடாவுக்குள் அதை நம்பிக் கைத்துப்பாக்கியோடு போக முடியாது. அவர் ஆஞ்சநேயரைத் தரிசிக்க நாமக்கல்லுக்கே வந்தாலும், இங்கே அவர் வெறும் யாத்ரீகர்தான்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் ஒருவருக்கு 2014-ல் நேர்ந்ததைச் சொன்னால் போதும். எல்லை அருகே சாலையில் வழி தவறிவிட்டது என்றார் அவர். காரில் மூன்று துப்பாக்கிகள்; மூன்றும் அவர் தம் நாட்டில் முறையாக வாங்கியவை. காரோ மெக்சிகோவுக்குள் நுழைந்துவிட்டது. ஏழு மாதம் சிறையில் இருந்தார்.

தூத்துக்குடியில் நடந்தது

மெக்சிகோ வரை போவானேன்? நம் தமிழ்நாட்டுக் கரையிலேயே நடந்த கதை இருக்கிறது. 2013 அக்டோபர் 12-ந் தேதி ‘சீமன் கார்டு ஓஹியோ’ என்ற கப்பலை நம் கடலோரக் காவல் படையினர் தடுத்து நிறுத்தித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் அமெரிக்கக் கம்பெனியுடையது. பதிவு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில். சரக்குக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காப்பதற்கு ஆட்களை அனுப்புவது அந்தக் கம்பெனியின் தொழில். கப்பலில் 35 பேர்: எஸ்டோனியர் 14, இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரேனியர் 3. பிரிட்டிஷார் அறுவரும் ராணுவத்தில் ஊழியம் செய்து விலகியவர்கள். கப்பலில் 35 துப்பாக்கிகளும் 5,600-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன.

தங்கள் ஆயுதங்கள் முறையானவை, தங்கள் வேலை நியாயமானது என்றார்கள் அவர்கள். இந்திய அனுமதி எங்கே என்றது ‘கியூ’ பிரிவுப் போலீஸ். வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 2014-ல் ஹைகோர்ட்டு ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டுகளைத் தள்ளியது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரி 11-ந் தேதி தூத்துக்குடி கோர்ட்டு 35 பேருக்கும் ஐந்து ஆண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பர் 27-ந் தேதி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது.

கடைசியில் விடுதலைதானே என்று சொல்லலாம். இடையில் நான்கு ஆண்டுகள் போய்விட்டனவே! ஜாமீனில் வெளிவந்த காலத்திலும் ஊருக்குப் போக அனுமதி இல்லை. அதற்குள் அவர்கள் வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். லண்டன் பத்திரிகைகள் ‘சென்னை அறுவர்’ என்று பெயர் சூட்டி எழுதின, மனுக்கள் பறந்தன, மந்திரிகள் பேசினார்கள். ஆயினும் கோர்ட்டு தன் வழியில்தான் நடந்தது. நம் கோர்ட்டு அயல்நாட்டு முன்னாள் சிப்பாய்க்காக வளைந்து கொடுக்கவில்லை என்பதில் நமக்குப் பெருமை என்றால், சிங்கப்பூர்க் கோர்ட்டு நம் முன்னாள் இன்ஸ்பெக்டருக்காக வளைந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இதே ஜில்லாவில், வில்லாளன் ஓரி ஆண்ட கொல்லிமலையில், லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த மலைவாசிகள்மீது எத்தனையோ வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. “காட்டுப் பன்றிக்காக வெச்சிருந்தேனுங்க சாமி” என்று அவர்கள் சொன்ன சமாதானத்தை எந்த இன்ஸ்பெக்டரும் ஏற்றுக்கொண்டதில்லை. அந்நிய நாட்டு விமான நிலையத்தில், “எனக்குப் பகைவர்கள் இருக்கிறார்கள்” என்று இன்ஸ்பெக்டர் சொல்லும் சமாதானமும் அதே ரகத்தைச் சேர்ந்ததுதான்.

பயம் பொய் அல்ல

இவ்வளவும் சொன்ன பிறகு, அவருடைய பயத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. அதற்குச் சரித்திரச் சாட்சி இருக்கிறது.

ஜூலியோ ரிபேரோவின் பெயரைப் பழைய பத்திரிகைகளைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பம்பாய்ப் போலீஸ் கமிஷனராக இருந்தவர். 1986-ல் பஞ்சாப் பற்றியெரிந்தபோது அங்கே போலீஸ் தலைவராகப் போனவர். அந்த ஆண்டு அக்டோபரில் ஜலந்தரில், போலீஸ் முகாமுக்குள்ளேயே, போலீஸ் உடுப்பில் வந்தவர்கள் அவரைச் சுட்டார்கள். அவரும் அவர் மனைவியும் காயத்தோடு தப்பினார்கள். ஓய்வுக்குப் பின் அவரை ருமேனியாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். பஞ்சாப் எங்கே, புகாரெஸ்டு எங்கே! அங்கும் தேடி வந்தார்கள். 1991 ஆகஸ்டில் புகாரெஸ்டு நகரில் அவர் சுடப்பட்டார். காயம் பட்டும் உயிர் பிழைத்தார். சுட்டவர்களைப் பிடித்தது அந்த நாட்டுப் போலீஸ். பிடிபட்டவர்களை விடுவிக்கும்படி மிரட்டி, அக்டோபரில் டில்லியில் ருமேனியத் தூதரக அதிகாரி லிவியு ராதுவைக் கடத்திக்கொண்டுபோனார்கள். பல வாரங்களுக்குப் பிறகே அவர் விடுபட்டார்.

ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து 1986 ஜனவரியில் ஓய்வு பெற்ற ஜெனரல் வைத்யாவின் கதை இன்னும் துயரமானது. ஆகஸ்டு 10-ந் தேதி பூனாவில், தாமே கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஓய்வு பெற்று ஏழு மாதங்கூட ஆகவில்லை. நாடு முழுவதையும் காத்த படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். துப்பாக்கி தெரியாதவர் அல்ல. பதுங்கி வந்து முதலில் சுடுகிறவனுக்கு எதிரில் மடியில் உள்ள ரிவால்வர் எவ்வளவு தூரம் உதவும் என்பதை நெஞ்சைத் தொட்டு யோசிக்க வேண்டும்.

புகாரெஸ்டு சம்பவத்திலிருந்து தெரிவது ஒன்று. அயல்நாட்டில் ஒருவரைக் காக்கும் கடமையும் அதிகாரமும் அந்நாட்டுப் போலீஸுக்கே உண்டு. அவர்களுக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தூதராகப் போனவரை அந்த அரசாங்கத்துக்குத் தெரியும். பேரனைப் பார்க்கப் போகும் திருச்செங்கோட்டு இன்ஸ்பெக்டரை யாருக்குத் தெரியும்? அவருக்கு உண்மையிலேயே மிரட்டல் இருக்கிறது என்றால், அதைச் சொல்லவேண்டிய இடம் துப்பாக்கிக் கடை அல்ல; ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டு. அங்கிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து வெளியுறவு இலாகாவுக்கும், அங்கிருந்து தூதரகத்துக்கும் ஒரு கடிதம் போவதற்கு எத்தனை நாள் ஆகும்? பெரிய அதிகாரிகளுக்கு ஒரு போன் போதும். ஹெட்கான்ஸ்டபிளுக்கும் சப் இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் கடிதத்தை யார் எழுதுவார்? வீரப்பன் காட்டில் முன்வரிசையில் நடந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மேலதிகாரிகள் அவர்களுக்குக் கட்டளையிட்ட அதே குரலில், இப்போது அவர்களுக்காகவும் பேச வேண்டும். சர்க்கார் இதற்கு ஒரு முறையை ஏற்படுத்துவது அவசியம்.

இன்னொன்றும் சர்க்கார் செய்யலாம், காலணாச் செலவில்லை. பென்ஷன் காகிதங்களோடு சேர்த்து, ஆயுதம் சம்பந்தமாக எது கூடும், எது கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம். சட்டத்தை நடத்தியவருக்குச் சட்டம் சொல்லித் தருவதா என்று சிலர் கோபிப்பார்கள். முப்பது ஆண்டு விலக்கிலேயே வாழ்ந்தவருக்குத்தான் விலக்கு முடிந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது!

உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் தகப்பனார், மோகனூரில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். லத்தி வைத்திருந்தவர் வீட்டில், லத்திக்கு முன் வெறுங்கையோடு நடந்தவர்களுக்குப் பாட்டு பிறந்தது. இந்த மண்ணின் விசித்திரங்களில் அதுவும் ஒன்று.

பூட்டிய வீட்டில் ஒரு துப்பாக்கி

சரி, ரிவால்வர் கூட வராது என்று முடிவாகிவிட்டது. அது எங்கே இருக்கும்? பலர் செய்வது, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டுப் போவது. இது பெருந்தவறு. லைசென்ஸ் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. மைத்துனர் அதைத் தொடவும் உரிமை இல்லை. மேலும் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளின் நிலை இன்று எப்படி இருக்கிறது? 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். ஆள் இருக்கிற வீட்டுக்கே இந்தக் கதி. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் திருடன் நகையைத் தேடிப் புகுந்து துப்பாக்கியோடு வெளியே வந்தால், அது அடுத்த தோட்டத்தில் யார் நெற்றிக்கு நேராக நிற்குமோ!

லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைத்து, நம்பர் சரிபார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு போவதே முறை. லைசென்ஸ் தவணை எப்போது முடிகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இருக்கும்போது தவணை தீர்ந்துவிட்டால், திரும்பி வந்தவுடன் அது வேறு தலைவலி.

மிஞ்சுவது தோட்டா. உண்மையில் விமான நிலையங்களில் அகப்படுவது பெரும்பாலும் துப்பாக்கி அல்ல. மறந்துபோன ஒற்றைத் தோட்டாதான். என்றோ பயிற்சிக்குக் கொண்டுபோன பையின் பக்க உறையில் அது உறங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே யந்திரம் அதை மறப்பதில்லை. தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் விமானம் போய்விடும். பேரனின் முதல் பிறந்த நாளும் போய்விடும். இங்கேயாவது வக்கீல் தமிழில் பேசுவார். யந்திரத்தின் கண்ணுக்கு இங்கே தப்பி, இறங்கிய ஊரில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன பிரம்படிக் கணக்கே சொல்லும்.

ஆகையால், புறப்படுவதற்கு முதல் நாள் அந்தப் பழைய தோல்பையை வெளிச்சத்தில் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். பக்க உறை, அதற்குள் இருக்கும் சின்ன உறை, தையல் விட்ட அடித்துணி எல்லாவற்றையும் விரல் விட்டுத் துழாவ வேண்டும். அதைவிடச் சுலபம், அந்தப் பையைப் பரண்மேல் போட்டுவிட்டு, நாமக்கல் கடைவீதியில் புதிதாக ஒரு பை வாங்கி எள்ளுருண்டையை அதில் அடுக்குவது.